ஹீத் வெளியில் ஒரு குளிர்கால வேலைநாள்: மரம் அகற்றப் போகும் தன்னார்வலருக்கு முழுமையான வழிகாட்டி

"மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று பள்ளிச் சுவரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய் பச்சை மரத்தை அறுத்துப் போடுவதுதான் இன்றைய இயற்கைப் பாதுகாப்பு வேலை என்று யாராவது சொன்னால் மனம் ஒப்பாது. எனக்கும் முதல் நாள் ஒப்பவில்லை. இங்கிலாந்தின் சர்ரே பகுதி ஹீத் வெளிகளில் சில குளிர்காலங்கள் வேலை செய்த பிறகுதான் அந்த நிலத்தின் கணக்கு புரிந்தது. தெற்கு லண்டனில் டூட்டிங், சட்டன், நியூ மால்டன் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வெளிகள் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஒரு நாளாவது போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில்: ஏன் வெட்டுகிறோம்

இதைப் புரிந்துகொள்ளாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்ற முடிவெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஹீத் என்பது மணற்பாங்கான, அமிலத்தன்மை கொண்ட, சத்துக் குறைந்த மண்ணில் உருவாகும் திறந்த வெளி. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் செடி படர்ந்திருக்கும். நடுநடுவே மஞ்சள் பூப் பூக்கும் கார்ஸ் முட்புதர். ஆகஸ்டில் கண்ணுக்கெட்டிய வரை கத்தரிப்பூ நிறம். இது தானாக உண்டான நிலம் இல்லை. வெண்கலக் காலத்து மக்கள் காட்டை அழித்து மேய்ச்சலுக்கும் பயிருக்கும் பயன்படுத்தினார்கள், மண் சத்தை இழந்தது, ஹெதர் வந்தது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆடு மாடுகள் மேய்ந்தன. ஊர்மக்கள் அடுப்புக்குக் கார்ஸையும் புல்தரைக் கட்டிகளையும் வெட்டினார்கள். பெரணியை அறுத்து மாட்டுக்குப் படுக்கை போட்டார்கள். தலைதூக்கிய மரக்கன்றுகள் இந்தப் புழக்கத்திலேயே அழிந்தன.

அந்த வாழ்க்கை முறை நின்றதும் வெளிகள் மூடத் தொடங்கின. 1953-ல் பிரிட்டனுக்கு வந்த மிக்சோமடோசிஸ் நோயில் முயல்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கன்றுகளைக் கடித்துக் கட்டுக்குள் வைத்த கடைசிக் காவலும் போயிற்று. வீடு, சாலை, உழவு, பைன் தோட்டம் என்று மற்ற இழப்புகளும் சேர, 1800-ல் இங்கிலாந்தில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் இன்று மிச்சம். உலகில் எஞ்சியிருக்கும் தாழ்நில ஹீத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டனில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே போனால் போனதுதான்.

இந்த வெளியை நம்பி வாழ்பவை பல. டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர் என்ற சிறிய கதிர்க்குருவி கார்ஸிலும் உயர்ந்த ஹெதரிலும் கூடு கட்டும். 1962-63 கடுங்குளிரில் பிரிட்டன் முழுவதும் பத்துச் சொச்சம் இணைகளாகச் சுருங்கி, மெல்ல மீண்டு வந்த பறவை அது. நம் ஊர் பக்கியின் உறவான நைட்ஜார் ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வந்து வெறுந்தரையில் முட்டையிடும். உட்லார்க் என்ற வானம்பாடி வகையும் தரையில்தான் கூடு வைக்கும். இந்த மூன்று பறவைகளுக்காகத்தான் சர்ரே, ஹாம்ப்ஷைர், பெர்க்‌ஷைரில் சிதறிக் கிடக்கும் தேம்ஸ் வடிநில ஹீத்துகள் 2005-ல் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. மணல்பல்லிக்கு முட்டையிட வெயில் படும் வெறும் மணல் வேண்டும். பிர்ச் மர நிழல் விழுந்தால் இவை எல்லாவற்றுக்கும் இடமில்லாமல் போகும்.

நீலகிரியை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே சோலைக்கு நடுவே இருந்த புல்வெளிகளை வாட்டில் மரமும் பைனும் மூடியதைப் பார்த்திருக்கிறோம். இதே கார்ஸ் செடி, இங்கிருந்து போனது, அங்கே ஆகாத களையாகப் பரவியிருக்கிறது. இங்கே பறவைக்கு வீடாக இருப்பது அங்கே புல்வெளிக்கு எமன். செடியை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, அது நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

நாள் குறிப்பது

வேலைக் காலம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி கடைசியோடு முடியும். மார்ச்சிலிருந்து பறவைகள் கூடு கட்டும். கூட்டைத் தெரிந்தே சிதைப்பது 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றம். சர்ரே வனவிலங்கு அறக்கட்டளை, நேஷனல் டிரஸ்ட், ஊர்நிலங்களைக் கவனிக்கும் உள்ளூர்க் குழுக்கள் எல்லாம் வார நாட்களிலும் ஞாயிறுகளிலும் வேலைநாள் வைக்கிறார்கள். முன்பதிவு செய்யுங்கள். அனுபவம் கேட்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கத்துக்குச் சர்ரேயோடு பழைய உறவும் உண்டு. 1959-ல் 42 இளைஞர்கள் பாக்ஸ் ஹில் குன்றில் டாக்வுட் புதரை அகற்றப் போனதுதான் இன்று 'தி கன்சர்வேஷன் வாலன்டியர்ஸ்' என்று அறியப்படும் அமைப்பின் முதல் வேலைநாள். பின்னாளில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற தாவரவியலாளர் டேவிட் பெல்லமியும் அந்த 42 பேரில் ஒருவர்.

நீங்களாக ஒரு குழுவைச் சேர்த்துப் போய் வெட்ட முடியாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக இருந்தால் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதலும் வேண்டும். பெரிய அளவில் வெட்டினால் வன ஆணையத்தின் உரிமம் தேவை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 8 சென்டிமீட்டருக்குக் குறைவான தடிமன் உள்ள மரங்களுக்கு அந்த உரிமம் வேண்டாம். தன்னார்வலர் கையால் அறுப்பது பெரும்பாலும் அந்த அளவுதான்.

உடுப்பும் சாப்பாடும்

இரும்பு முனை வைத்த பூட்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கணுக்காலை மூடும் உறுதியான நடைப் பூட்ஸ். நீளக் கால்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். மேலே பருத்தியும் கம்பளியுமாக இரண்டு மூன்று அடுக்கு. தீ மூட்டும் நாளில் நைலான் ஜாக்கெட்டில் ஒரு பொறி பட்டால் ஓட்டை விழும். காலை ஒன்பதரைக்கு நடுங்குவீர்கள், பத்தரைக்கு வேர்க்கும், டீக்கு உட்கார்ந்ததும் வேர்வை குளிரும். கழற்றி மாட்டுகிற மாதிரி உடுப்பு வேண்டும். மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நீங்களே கொண்டுபோக வேண்டும். ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு ரொட்டி தின்பதைவிட, அகன்ற வாய் பிளாஸ்கில் சூடாக ரசம் சாதமோ கஞ்சியோ எடுத்துப் போவது எவ்வளவோ மேல். டீயும் பிஸ்கட்டும் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். கழிவறை பெரும்பாலும் கிடையாது.

காலைப் பேச்சு

வந்ததும் நடத்துபவர் பத்து நிமிடம் பேசுவார். அன்றைக்கு எந்த மூலையில் வேலை, எதை வெட்டுவது, எதைத் தொடக்கூடாது, முதலுதவிப் பெட்டி எங்கே, ஆம்புலன்ஸ் வந்தால் எந்த வாயில் வழி. கவனமாகக் கேளுங்கள். மாத்திரை சாப்பிடுபவர், ஒவ்வாமை உள்ளவர் இப்போதே அவரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் கருவிகள். லாப்பர் என்பது இரு கையால் பிடிக்கும் நீளக் கைப்பிடிக் கத்தரி. கட்டைவிரல் தடிமன் வரைக்கும் அது போதும். வில் ரம்பம், வளைந்த இரும்புச் சட்டத்தில் பூட்டிய பல், கைப்பிடி தடிமனிலிருந்து தொடை தடிமன் வரை அறுக்கும். நெருக்கமான புதருக்குள் மடக்கு ரம்பம். சில குழுக்களில் நம் வெட்டரிவாள் போன்ற பில்ஹுக்கும் இருக்கும். வீசும் கருவியைப் பிடிக்கும் கையில் கையுறை கூடாது, வழுக்கும். ரம்பத்துக்கு அது பொருந்தாது: மரத்தைப் பிடிக்கும் கையில் கையுறை கண்டிப்பாக வேண்டும், பல் துள்ளி விழுவது அந்தக் கையில்தான். நடக்கும்போது கருவியை உறையோடு பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள், தோளில் வேண்டாம். செயின்சா சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். அவர் வேலை செய்யும் பக்கம் போகவே வேண்டாம்.

எதை வெட்டுவது, எதை விடுவது

இலையுதிர்ந்த பின் மரத்தை அடையாளம் காணப் பட்டையும் மொட்டும்தான் துணை. வெள்ளிப் பிர்ச்சின் முதிர்ந்த பட்டை வெள்ளை, ஆனால் இளங்கன்று செம்பழுப்பாக இருக்கும், நுனிக்கிளை மெல்லியதாகத் தொங்கும். ஸ்காட்ஸ் பைனில் ஊசிகள் இரண்டிரண்டாக இருக்கும், மேல்தண்டு ஆரஞ்சு நிறம். அன்றைய வேலையின் பெரும்பகுதி இவை இரண்டும்தான். ரோடோடென்ட்ரான் இருந்தால் அதுவும் போக வேண்டும். அதன் நிழலில் எதுவும் முளைக்காது.

விட வேண்டியவற்றைச் சொல்கிறேன், இதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். பழைய ஓக் மரம். பட்டுப்போன மரம், அதில் மரங்கொத்தி இருக்கலாம். நைட்ஜார் உட்கார்ந்து பாட அங்கொன்று இங்கொன்றாகத் தனி மரம். நாடா கட்டியோ சாயம் பூசியோ குறித்த மரங்களில் எந்தக் குறி வெட்ட, எந்தக் குறி விட என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடத்துக்கு இடம் மாறும். கார்ஸைப் பொதுவாக அடியோடு எடுப்பதில்லை, பகுதி பகுதியாக வயது மாற்றி வெட்டுவார்கள்.

காட்டின் ஓரத்தில் வேலை செய்தால், ஓரத்தை நேர்கோடாக ஆக்கிவிடாதீர்கள். கயிறு பிடித்தாற்போல் வெட்டிய ஓரத்தில் காற்றுதான் அடிக்கும். உள்ளே குடைந்தும் வெளியே துருத்தியும் அரைவட்டம் அரைவட்டமாக வெட்டினால், தெற்குப் பார்த்த குடைவுகளில் காற்றடங்கிய வெதுவெதுப்பு தங்கும். பல்லிக்கும் பட்டாம்பூச்சிக்கும் பிடித்த இடம் அதுதான். நெட்டை மரம், அதற்கு முன் புதர், அதற்கு முன் உயர்ந்த ஹெதர், அப்புறம் வெறும் மணல் என்று படிப்படியாக இறங்குவதுதான் நல்ல ஓரம்.

பிடுங்குவது

ரம்பத்துக்கு முன் கை. ஹெதருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சாண் பிர்ச் கன்றை வேரோடு இழுத்தால் வந்துவிடும், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் சுலபம். ஒரு வளர்ந்த பிர்ச் லட்சக்கணக்கில் காற்றில் பறக்கும் விதைகளை உதிர்க்கும்; முளையிலேயே கிள்ளாவிட்டால் ஐந்து ஆண்டில் அதே இடத்துக்கு ரம்பத்தோடு வர வேண்டியிருக்கும். குழந்தைகளோடு வருபவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை இது. சொல்லப்போனால் அன்றைய நாளின் மிகப் பயனுள்ள வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அறுப்பது

கைப்பிடி தடிமன் வரை ஒரே பக்கத்தில் நேராக அறுக்கலாம். அதற்கு மேல் இந்த வரிசை:

முதலில் நிமிர்ந்து பாருங்கள். மரம் எந்தப் பக்கம் சாய்கிறது, மேலே பட்டுப்போன கொம்பு தொங்குகிறதா, காற்று எங்கிருந்து. மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. நீங்கள் ஒதுங்க, விழும் திசைக்குப் பின்புறமாகச் சாய்வாக ஒரு வழியைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

பிறகு விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டுங்கள், தண்டின் கால்பங்கு ஆழம் போதும். அடுத்து எதிர்ப் பக்கத்திலிருந்து, அந்த வாய்க்குச் சற்று மேலே, படுக்கையாக அறுத்து வாருங்கள். முழுவதும் அறுக்காமல் நடுவில் ஒரு பட்டை மரம் மிஞ்ச வேண்டும். அதுதான் கதவுக் கீல் போல மரத்தை நீங்கள் நினைத்த பக்கம் மடக்கும். மரம் முனகும்போது குரல் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். ரம்பத்தை அழுத்தாதீர்கள், முழு நீளத்துக்கும் இழுத்துத் தள்ளினால் அதுவே அறுக்கும்.

விழுகிற மரம் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டால் அடியில் போகாதீர்கள், உலுக்காதீர்கள், தாங்கும் மரத்தை அறுக்காதீர்கள். நடத்துபவரைக் கூப்பிடுங்கள். கைவேலையில் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான்.

கடைசியாக அடிக்கட்டை. தரையோடு தரையாக, மட்டமாக அறுக்க வேண்டும். என் முதல் ஆண்டில் அவசரத்தில் சரிவாக அறுத்து, ஈட்டி முனை மாதிரி பத்துப் பதினைந்து கட்டைகளை விட்டுவிட்டேன். மேயவரும் மாட்டின் குளம்பில் குத்தும் என்று அவ்வளவையும் மறுபடி அறுக்கச் சொன்னார்கள். சொன்னது சரிதான்.

கட்டையில் மருந்து

பைனைக் கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் திரும்ப வராது. பிர்ச் அப்படி இல்லை, ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த கோடையில் பத்துத் துளிர் நிற்கும். அதனால் பல இடங்களில் அறுத்த உடனே, சான்றிதழ் பெற்ற ஒருவர் சாயம் கலந்த கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை வெட்டு முகத்தில் மட்டும் தடவுவார். எனக்கு இரசாயனம் பிடிக்காது. ஆனால் துளிர்த்த புதரைத் திரும்பத் திரும்ப வெட்டி ஹெதரை மிதிப்பதைவிட இது குறைந்த சேதம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஆடு மாடு மேயும் இடங்களில் அதில்லாமலும் ஓரளவு சமாளிக்கிறார்கள். உங்கள் வேலை: பூசாத கட்டையை மரத்தூளால் மூடாமல் கண்ணுக்குத் தெரியும்படி விடுவது, சாயம் பட்டதைத் தொடாமல் இருப்பது.

இழுப்பதும் எரிப்பதும்

அறுப்பதற்கு ஒரு மணி நேரம் என்றால் அப்புறப்படுத்த இரண்டு மணி நேரம். கிளைகளை அங்கேயே போட்டுவிட்டால் அவை மட்கி மண்ணுக்கு உரமாகும். ஹீத் மண்ணுக்கு உரம் ஆகாது. சத்துச் சேர்ந்தால் புல்லும் முட்கொடியும் வந்து ஹெதரை அமுக்கும். ஆகவே எல்லாம் வெளியே வர வேண்டும். அடிப்பக்கத்தைப் பிடித்து இழுங்கள், கிளைகள் பின்னால் மடங்கி வரும். எல்லோரும் ஒரே பாதையில் இழுத்தால் மிதிபடுவதும் ஒரே இடத்தோடு நிற்கும்.

இழுத்ததை மூன்று வழிகளில் ஒன்றில் அப்புறப்படுத்துவார்கள். காட்டு நிழலுக்குள் குவித்து வைப்பது, வண்டுக்கும் முள்ளெலிக்கும் வீடு. இரண்டு வரிசைக் கம்புகளுக்கு நடுவே கிளைகளை அடுக்கி உயிரில்லா வேலி கட்டுவது. இல்லையென்றால் எரிப்பது. குவியலை வெயில் படும் சரிவில் மட்டும் வைக்காதீர்கள், அது ஊர்வனவற்றின் குளிர்காயும் இடம்.

தீ என்றால் ஒரே இடம், குழு குறித்த இடம். மண்ணைக் காப்பாற்ற, கற்களின் மேல் உயர்த்திய இரும்புத் தகட்டில் எரிப்பது நல்ல முறை. சாம்பலை வாளியில் அள்ளி வெளியேற்ற வேண்டும். சாம்பல் கிடந்த இடத்தில் ஹெதருக்குப் பதில் நெட்டில் என்ற சுணைச்செடி முளைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நேற்று குவித்த குவியலை அப்படியே கொளுத்தக் கூடாது, உள்ளே முள்ளெலியோ தேரையோ தூங்கலாம். பிரித்து வேறு இடத்தில் அடுக்கி மூட்டுங்கள். காய்ந்த சுள்ளியில் தொடங்கினால் பச்சைப் பைனும் பிர்ச்சும் பிடித்துக்கொள்ளும். கிளைகளை எல்லாம் ஒரே திசையில் படுக்கவைத்து நெருக்கமாக அடுக்குங்கள். மதியத்துக்கு முன்பே உருளைக்கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றித் தணலில் புதைத்துவிட்டால், சாப்பாட்டு நேரத்தில் கைகாயவும் தின்னவும் ஆகும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தீக்குப் போடுவதை நிறுத்த வேண்டும்.

பாம்பு, உண்ணி

ஆடர் என்ற விரியன் வகைதான் பிரிட்டனின் ஒரே விஷப்பாம்பு. குளிர்காலத்தில் பழைய வேர்களுக்கு அடியில் தூங்கும். அதனால்தான் பழைய அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்க விடமாட்டார்கள். பிப்ரவரிக் கடைசியில் ஆண் பாம்புகள் வெயில் காய வரும். தொடாமல் விலகினால் போதும். 1975-க்குப் பிறகு இங்கே ஆடர் கடித்து யாரும் இறந்ததில்லை. ஆனாலும் கடித்தால் உடனே மருத்துவமனை.

உண்ணியைப் பற்றித்தான் அதிகக் கவலைப்பட வேண்டும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் உண்ணிக் கொக்கியாலோ நுண்முனை இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். ஊரில் செய்வதுபோல் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவ வேண்டாம், நெருப்புக்குச்சியும் வேண்டாம். ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் வட்டமாகப் பரவும் தடிப்பு வந்தால் உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்த்து, ஹீத்தில் வேலை செய்ததைச் சொல்லுங்கள். கறுத்த தோலில் தடிப்பு அவ்வளவு எளிதாகத் தெரியாது, நம்மவர்கள் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

வழியில் நிற்பவர்கள்

நாயோடு வரும் யாராவது ஒருவர் நிச்சயம் நின்று, "ஏன் மரத்தைக் கொல்கிறீர்கள்" என்று கேட்பார். சிலர் கோபமாகவே கேட்பார்கள். வாதாடாதீர்கள், அவருக்கும் அந்த இடத்தின் மேல் பிரியம். நான் முந்தைய ஆண்டு வெட்டிய துண்டுக்கு அழைத்துப் போய், முளைத்திருக்கும் ஹெதர் நாற்றைக் காட்டுவேன். ஹெதர் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். மரம் போய் வெளிச்சம் விழுந்ததும் நாம் விதைக்காமலே வரும். அந்தப் பச்சை நாற்றைக் குனிந்து பார்த்த பிறகு கோபத்தோடு போனவர்கள் குறைவு.

முடிக்கும் நேரம்

கருவிகளை எண்ணி, துடைத்து, உறை மாட்டிக் கொடுங்கள். ஒரு ரம்பம் குறைந்தால் எல்லோரும் சேர்ந்து தேட வேண்டும். பூட்ஸின் அடியில் ஒட்டிய மண்ணை அங்கேயே தேய்த்துக் கழற்றுங்கள், மரநோய்க் கிருமி ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போவது அந்த மண்ணில்தான். மறுநாள் தோளும் தொடையும் வலிக்கும், வெந்நீர்க் குளியல் போதும்.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது, அதற்கு ஜூன் வரை பொறுக்க வேண்டும். காற்றில்லாத ஒரு மாலை, சூரியன் மறையும் ஒன்பதரை மணிவாக்கில், நீங்கள் வெட்டிய ஓரத்துக்குப் போங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம், தரையில் முட்டை இருக்கும். இருட்டும்போது தையல் இயந்திரம் விடாமல் ஓடுவதுபோல் ஒரு சத்தம் எழும், நிமிடக் கணக்கில் நீளும். நைட்ஜார் ஆண்பறவை. நீங்கள் விட்டுவைத்த அந்த ஒற்றைப் பைனில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.